கம்ப்யூட்டருக்கு ஊடு பார்த்தது

கொரட்டூரில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்த முதல் வீடு எங்கள் தெருவில்தான் இருந்தது. இதைச் சொன்னால் நம்புகிறவர்கள், அந்த வீட்டுக் கோழி போட்ட முட்டையைக் 'கம்பெனி முட்டை' என்று சொல்லி ஜனங்கள் பத்துப் பைசா கூடக் கொடுத்து வாங்கினார்கள் என்றால் மட்டும் நம்புவதில்லை. இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே வீட்டில் நடந்தவை. ஒன்றை நம்பினால் மற்றதையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருஷம். அந்த வருஷ வெயிலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் காக்காய்கள் பறப்பதை விட்டுவிட்டு, நிழல் பார்த்து ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. நான் ரயில்வே கேட்டில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போகிறதையும் வருகிறதையும் நிறுத்தி வைத்துப் பார்த்துப் பழகிய கண். தப்பாகச் சொல்ல மாட்டேன்.

கன்னியப்பன் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டர்னர். லேத்தில் அவன் இழைத்த உருளையை உள்ளங்கையில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும். அந்தப் பட்டறையை ஒருநாள் பூட்டினார்கள். பூட்டினவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். அவன் பெண்சாதி சொர்ணம் அதற்கு முன்பே வேலையை இழந்தவள். டிவி கம்பெனி ஒன்றில் லைனில் உட்கார்ந்து போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அப்புறம் தெருவில் கெட்டுப்போன டிவிகளைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் செய்யலாம் என்ற யோசனை அவளுடையதுதான். புருஷனுக்குப் பட்டறைக்காரன் பூட்டுமுன் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, இருவரும் மின்சார ரயிலில் போய், ரிச்சி தெரு சுலைமான் பாய் கடையில் சாமான்களை வாங்கி, மடியில் வைத்துக் குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள்.

ஒரே அறையும் அடுப்படியும் உள்ள சிமெண்டு ஷீட் வீடு. டிரங்குப் பெட்டிமேல் பழைய புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் சொர்ணம் சாமான்களை இணைத்து மிஷினைப் பூட்டினாள். போர்டைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்வாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடவேண்டும் என்பதற்காக. அவளோடு லைனில் வேலை பார்த்த முனியம்மா ஒத்தாசைக்கு வந்திருந்தாள். அவள் டப்பா ஒட்டுகிற பக்கம் இருந்தவள், இந்தச் சங்கதி தெரியாது. சொர்ணம் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து, தானும் ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு வாரத்தில் தெருவில் போகிறவர்களும் அந்த ஜன்னலைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி கற்பூரம்கூட ஏற்றினாள்.

மிஷின் ஓடியது. திரையில் எழுத்து வந்தது. கன்னியப்பன் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்போடு எனக்கும் சோறு போட்டான்.

ஆனால் விற்கவில்லை.

வந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். பத்திரம் எழுதுகிறவர் வந்தார். தேங்காயைத் தட்டுவது மாதிரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் ஒட்டுவதற்கென்று சின்னதாக ஒரு பள்ளம் உண்டு. பொட்டு வைக்க விட்ட நெற்றி மாதிரி அது காலியாக இருந்தது. எல்லார் கண்ணும் அந்தப் பள்ளத்தில் போய் விழும்.

"இன்னா கம்பெனி?"

"நாங்க செஞ்சதுங்க," என்பாள் சொர்ணம்.

"அது செரி. கம்பெனி இன்னா?"

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு நீல உடுப்பு தொங்கியது. செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த உடுப்பு. மார்புப் பையில் ஏஜென்சியின் பெயர், சிவப்பு நூலில். ஆயுதபூஜைக்கு மறுநாள் கன்னியப்பன் வேலையில் சேரவேண்டும். எங்கே தெரியுமா? அவன் டர்னராக இருந்த அதே பட்டறையில்தான். பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பூட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்குள் மிஷின் போனால் அந்தக் காசில் அடுத்த மிஷினுக்குச் சாமான் வாங்கித் தொழிலைப் பிடித்துக்கொள்ளலாம். போகாவிட்டால் நாற்காலிதான். ஆணியைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் சோறு தின்னமுடியாது. ஆணி அப்படிப்பட்ட இடத்தில் இருந்தது.

ஆடி மாசத்தில் சொர்ணத்தின் தம்பி பாஸ்கரன் வந்தான். 'வெல்பரோ' கம்ப்யூட்டர் ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி. அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தான். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெரிய வெல்பரோ அட்டைப் பெட்டி, காலியாக.

"அக்கா, நீ மிஷின் செய்யறே. ஜனங்க மிஷினையா வாங்கறாங்க? பேர வாங்கறாங்க," என்றான். "எங்க ஷோரூம்ல இன்னா பண்றோம் தெரியுமா? ஏசியை ஃபுல்லா வெச்சிருவோம். செருப்பை வெளிய கழட்டச் சொல்லுவோம். நடுங்கிகினு வெறுங்கால்ல நிக்கறவன் பேரம் பேசமாட்டான்."

"அப்ப குளுருக்குத் துட்டு குடுக்கறான்னு சொல்லு," என்றாள் சொர்ணம், காராமணியைப் புடைத்துக்கொண்டே.

"சிரிக்காதக்கா. இதான் மார்க்கெட்டிங்."

"வெல்பரோ எந்த ஊரு கம்பெனிடா?"

"இங்கிலாந்து... மாதிரி."

"மாதிரின்னா?"

"ஓனரு திருவள்ளூர் பக்கம். பேரு மட்டும் அங்கத்திய பேரு."

"உள்ள கீற சாமானெல்லாம்?"

பாஸ்கரன் டையைத் தளர்த்தினான். "அது ரிச்சி தெருதான்."

"சுலைமான் பாய்?"

"சுலைமான் பாய்தான்."

முறத்தைக் கீழே வைத்தாள். "டேய், அதே பாயி கடையில அதே சாமான வாங்கி நானும் பூட்டறேன், உங்காளும் பூட்டறான். அப்பால இன்னாடா வித்தியாசம்?"

பாஸ்கரன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தான். நகம் அளவுதான். வெள்ளி நிறத்தில் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடம். "இதான் வித்தியாசம். டெமோ மிஷின்லேந்து உரிச்சுகினு வந்தேன். ஒட்டு. இந்த அட்டைப் பெட்டியில போடு. பூந்தமல்லி அரிசி மண்டி கஜபதி கம்ப்யூட்டர் வேணும்னு அலையறாரு. எதுக்குன்னு அவருக்கே தெரியாது. எதிர்க்கடைக்காரன் வாங்கிட்டான், அதான். நான் இட்டாறேன். கண்ண மூடிகினு வாங்கிப்பாரு."

கன்னியப்பன் ஸ்டிக்கரை வாங்கினான். அவன் கை மிஷின் கை. எதையும் அளவு பார்க்காமல் விடாது. பெட்டியின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. பின்பக்கத் தாளை ஓர் ஓரமாக உரிக்கவும் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாய்யா பண்றே?"

"பொருந்துது மே."

"எட்த்துடு."

"சொர்ணம், நம்ம மிஷின் நல்ல மிஷினு. இது ஒரு தாளு. ஒட்டுனா இன்னா கெட்டுப்பூடும்?"

சொர்ணம் எழுந்து போய் ஆணியிலிருந்த உடுப்பை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"மொதல்ல இத மாட்டு. இதுலயும் எவன் பேரோ நெஞ்சு மேல கீது. நீயும் அடுத்தவன் பேர ஒட்டிக்க, மிஷினும் ஒட்டிக்கட்டும். ரெண்டு பேரும் ஜோடியா கேட்டாண்ட குந்திக்கங்க. நான் செஞ்சது என் ஊட்டுப் பேருலதான் வெளிய போவும். இல்லாங்காட்டி போவாது."

"பேரு இல்லியேக்கா அதுக்கு," என்றான் பாஸ்கரன்.

"வெக்கறப்போ வெப்பம். நீ காப்பி குச்சிட்டுக் கெளம்பு."

கன்னியப்பன் ஸ்டிக்கரை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தான். அட்டைப் பெட்டியை மட்டும் பாஸ்கரன் விட்டுவிட்டுப் போனான், மனசு மாறும் என்று. மறுநாள் சொர்ணம் அதைப் பின்பக்கம் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டி, கோழியை விட்டாள். கம்பெனி முட்டை வந்தது இப்படித்தான். அந்த முட்டை வேகவே அதிக நேரம் எடுக்காது என்று ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடம் சத்தியம் செய்தார்.

ஸ்டிக்கர் இல்லையென்றாலும் கஜபதி வந்துவிட்டார். எதிர்க்கடைக்காரன் கடைவாசலில் கம்ப்யூட்டருக்கு விளக்குப் போட்டு வைத்திருந்தானாம், பொறுக்க முடியவில்லை. வெள்ளை அம்பாசிடர் எங்கள் தெருவில் நுழைந்தபோது இரண்டு பக்கத்துச் சுவர்களும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன. சென்னீர்குப்பத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது மண்டி. விரலெல்லாம் மோதிரம். மிஷினைச் சுற்றி வந்தார். கண் பள்ளத்தில் விழுந்தது.

"இன்னா கம்பெனி?"

"நாங்கதாங்க."

"நீங்கன்னா?"

"நானும் எங்க ஊட்டுக்காரரும்."

கஜபதி சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்புதான். "தா, பாரும்மா. மிஷினு நல்லாதான் கீது. பேரு இல்ல. பேரு இல்லாததுக்கு வெலய கொற. எடுத்துகினு போயி உன் தம்பியாண்ட சொல்லி நானே ஒரு பேர ஒட்டிக்கறேன். நாளைக்கு வண்டி அனுப்பட்டா?"

கன்னியப்பனின் முகத்தில் விளக்கு ஏற்றினது மாதிரி இருந்தது. ஆணியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க வெக்கப் போறீங்க?"

"மண்டியிலதான். கல்லாப்பெட்டி பக்கத்துல. வர்றவன் போறவன் பாக்கணும்ல?"

"மண்டியில தவுடு பறக்கும். மூட்டை இருந்தா எலி வரும். நாங்க வந்து எடத்தப் பாக்கணுங்க. பாத்துட்டுதான் சொல்லுவோம்."

"இன்னாத்த சொல்லுவ?"

"குடுக்கறதா வேணாமான்னு."

அம்பாசிடர் டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டான். கஜபதி என்னைப் பார்த்தார், நான்தான் வயசானவன் என்று. "இன்னா பெருசு இது? காசு குடுத்து வாங்கறவன் ஊட்ட வந்து பாக்கறதா? நான் இன்னா பொண்ணா கட்டிகினு போறேன்?"

"வழக்கம் அப்படிதாங்க," என்றேன். அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. பிறந்த குழந்தைக்கு முதலில் சாட்சி சொன்னவன் என்கிற பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமை போனோம். சொர்ணம், கன்னியப்பன், முனியம்மா, பெரியவர் என்று ஒருத்தர் இருக்கவேண்டுமே என்பதற்காக நான். எஸ்டேட்டில் பஸ் மாறிப் பூந்தமல்லியில் இறங்கினோம். சொர்ணம் தாம்பூலத் தட்டை மஞ்சள் பையில் மறைத்து எடுத்து வந்திருந்தாள்; சரிப்பட்டால் கொடுப்பதற்கு. வழி நெடுக என்னிடம் ஒரே பேச்சுத்தான் பேசினாள். தெருவுக்கே நான் நைனா.

"நைனா, ஒண்ணு சொல்லிட்டேன். நான் கை நனைக்கற வரைக்கும் யாரும் கை நனைக்கக் கூடாது."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனால் அப்படித்தான். பிடித்திருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வாய்திறந்து வேண்டாம் என்று சொல்லவேண்டிய சங்கடம் இல்லை.

மண்டிக்குள் நுழைந்தபோது நான் தும்மினேன். அந்தத் தும்மலில் எழும்பின தவிடு திரும்பி வந்து உட்கார நாங்கள் கிளம்புகிறவரை ஆனது. கூரைவரை மூட்டைகள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதுதான் கம்ப்யூட்டருக்கு. ஒரே பிளக்கில் ஃபேன், ரேடியோ, சாமி படத்துச் சீரியல் விளக்கு மூன்றும் தொங்கின. மூட்டை இடுக்கில் ஓர் எலி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. கணக்குப்பிள்ளை மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அந்த மேசையைச் சுற்றி எங்களை உட்காரவைத்தார்கள். ஓட்டலிலிருந்து வாழை இலையில் வந்தது: ரவா கேசரி, மெதுவடை, சின்ன வெங்காயச் சாம்பார், ரோஸ் மில்க். வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், அரிசி வாங்க வந்த பெண்கள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். கம்ப்யூட்டர் கொடுக்க வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று பார்க்க.

சொர்ணம் மேசையில் விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். எலி போன இடுக்கைப் பார்த்தாள்.

"சாப்புடும்மா," என்றார் கஜபதி.

சொர்ணம் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கீழே வைத்தாள். எழுந்தாள்.

என் கை தானாக வடைப் பக்கம் போனது உண்மை. முனியம்மா மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் டப்பா ஒட்டின கை. பிடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

"இன்னாம்மா, ஏந்துட்ட?" கஜபதியின் குரல் மாறிவிட்டது.

"எடம் சரிப்படலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வெச்சா தவுடு உள்ள பூந்து ஃபேனு நின்னுபூடும். மிஷினு செத்துப்பூடும். அப்பால ஜனங்க எலிய குத்தம் சொல்லமாட்டாங்க. என்னத்தான் சொல்லுவாங்க."

மூட்டை தூக்குகிறவன் ஒருவன் சிரித்துவிட்டான். அரிசி வாங்க வந்த பொம்பளை ஒருத்தி கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த அரிசியை மெதுவாக மூட்டையிலேயே திரும்பப் போட்டாள். கஜபதி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"போங்கய்யா! பேரு இல்லாத டப்பா, அதுக்கு இந்த ராங்கியா? நான் கம்பெனி மிஷினா எறக்கிக் காட்டறேன்!"

திரும்பி வருகிற பஸ்ஸில் கன்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தான். வீட்டுக்குப் போனதும் ஆணியிலிருந்த உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோள் பக்கம் பிடித்தது. "கொஞ்சம் பிரிச்சி உடு," என்றான் பெண்டாட்டியிடம்.

"ஆயுதபூஜை வரட்டும்," என்றாள் அவள்.

கஜபதி சொன்னபடியே செய்தார். பாஸ்கரனிடம் வெல்பரோ வாங்கினார். டெம்போவில் மாலை போட்டு, மேளம் வைத்து, பூந்தமல்லி கடைத்தெருவில் ஊர்வலம் விட்டார். மண்டியில் கல்லாப்பெட்டி பக்கத்தில் இறக்கினார். ஆனால் ஒரு சங்கடம். மிஷினை வெளியே எடுத்தால் பெயர் நகம் அளவு. அட்டைப் பெட்டியில் பெயர் ஒரு முழம். அரிசி வாங்க வருகிறவனுக்கு எது தெரியும்? அதனால் அவர் மிஷினை அட்டையை விட்டு எடுக்கவே இல்லை. பெட்டிக்குத் தினமும் பூ சாத்தினார். கணக்கு வழக்கம்போலக் கையால்தான்.

இதற்குள் வேறொரு செய்தி பரவிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் லாரியில் போகிறவர்கள். வாய் சும்மா இருக்காது. பருத்திப்பட்டு வரைக்கும் போனது. 'கொரட்டூர்ல ஒரு பொம்பள கீது. கம்ப்யூட்டர் செய்யுது. ஊட்ட வந்து பாக்கும். புடிக்கலேன்னா தண்ணியோட ஏந்துரும். கஜபதிக்கே இல்லேன்னுட்டாளாம்.'

கம்பெனி என்ன என்று கேட்ட ஜனங்கள் இப்போது வேறு மாதிரி கேட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் திரும்ப வந்தார். "எங்க கடைய வந்து பாக்கறியாம்மா?" குரலில் ஒரு பயம். அவர் கடைக்குப் போனோம். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்; ஆனால் ஷீட்டு ஒழுகியது. சொர்ணம் தண்ணீரோடு எழுந்துவிட்டாள். பத்திரம் எழுதுகிறவர் வீட்டுக்குப் போனோம். அங்கே ஜிலேபி. ஜிலேபி! கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்துவிட்டாள். எனக்குப் பசியிலேயே உடம்பு இளைத்து, என் நிழல் மட்டும் பழைய அளவில் கூட வந்துகொண்டிருந்தது.

கன்னியப்பன் ஒருநாள் வெடித்தான்.

"இருக்கறது ஒரு மிஷினு! அதுக்கு நீ ஊரெல்லாம் போயி இல்ல இல்லன்றே. வாங்க வர்றவன தொரத்தறதுக்கா செஞ்சம்? நாலு நாள்ல நான் போயி குந்தணும் அந்தக் கேட்டாண்ட. நான் இழைச்ச லேத்து உள்ள கீது, நான் வெளிய குந்தி பூட்டப் பாக்கணும். தெரியுதா உனுக்கு?"

சொர்ணம் சத்தம் போடவில்லை. "தெரியுது. அதனாலதான்யா. மொத மிஷினு எங்கனா போயி படுத்துட்டா, ரெண்டாவது எவன் வாங்குவான்? வெல்பரோ படுத்தா ஜனங்க கரண்டக் கொற சொல்லும், எலியக் கொற சொல்லும். நம்மளுது படுத்தா நம்மளத்தான் சொல்லும். பேரு இல்லாதவங்களுக்கு ஒரு தபாதான் சான்ஸு. அத நல்ல எடத்துல குடுக்கணும்."

கன்னியப்பன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நைனா, பித்தளைத் தகடு எங்க கெடைக்கும்?" என்றான்.

"எதுக்கு?"

"சும்மா."

ஆயுதபூஜை வந்தது. டிரங்குப் பெட்டிமேல் மிஷின், அதன்முன் ஸ்க்ரூ டிரைவர், ஈயம் வைக்கிற கோல், கன்னியப்பனின் பழைய அரங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மிஷினின் காலிப் பள்ளத்தில் சொர்ணம் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பொரியும் சுண்டலும் படைத்தாள். பக்கத்தில் ஆணி, ஆணியில் உடுப்பு, தோள் பிரித்துத் தைக்கப்படாமல்.

அம்பாசிடர் சத்தம் கேட்டது. சுவர்கள் ஒதுங்கின.

கஜபதி இறங்கினார். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. மோதிரங்கள் அப்படியே இருந்தன, முகம் மட்டும் கொஞ்சம் வற்றியிருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து டிரைவரும் கழற்றினான்.

"உள்ள வாங்க," என்றான் கன்னியப்பன்.

"இல்ல, நிக்கறேன். எம்மா, ஒண்ணு கேக்கறேன். உன் வாயி இன்னா வாயி? நீ எலின்னு சொன்ன, அன்னிலேந்து எவளும் எங்கடையில அரிசி வாங்கறதில்ல. 'அந்தம்மா கை நனைக்காத எடம்'னு சொல்லிகினு எதிர்க்கடைக்குப் போறாளுங்கோ. நான் கம்பெனி மிஷினு எறக்கனேன், மேளம் வெச்சேன். ஒருத்தி வந்து கேக்கறா, 'இதெல்லாம் செரி, அந்தம்மா ஏன் சாப்புடல?'ன்னு."

"அந்த மிஷினு எப்படி கீது?" என்றாள் சொர்ணம்.

கஜபதி தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு பூஜையாச்சேன்னு தொடைக்க நேத்து அட்டையத் தொறந்தேன். உள்ள எலி குட்டி போட்டு கீது. ஒயரெல்லாம் தின்னுட்டு, மெத்தையாட்டம் தெர்மாகோலு. சும்மா சொல்லக்கூடாது, குட்டிங்கோ கொழுகொழுன்னு கீது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு முனியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மண்டிக்குப் பின்னால ரூம்பு கட்டியிருக்கேன். தரைக்குக் கல்லு, சுவத்துக்கு பெயிண்டு. கரண்டுக்குத் தனி லைனு இஸ்துட்டேன். மூட்டையெல்லாம் பலகை மேல ஏத்தி, பொந்தெல்லாம் சிமெண்டு வெச்சி அடைச்சிட்டேன். இன்னொரு தபா வந்து பாரும்மா. நீ கேட்ட வெல. ஒரு பைசா கொறைக்கச் சொல்லல."

அன்று பிற்பகலே போனோம். அம்பாசிடரில். கடைத்தெருவே மண்டி வாசலில் நின்றது. எதிர்க்கடைக்காரன்கூட ஸ்டூல் போட்டு ஏறி நின்றான். சொர்ணம் உள்ளே போனாள். மேசையில் விரலை இழுத்தாள். விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். பிளக்கைத் தொட்டாள். பொந்துகளை உட்கார்ந்து பார்த்தாள். முன்பு எலி உட்கார்ந்திருந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

வெளியே வந்தாள். இலை போட்டிருந்தது. சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை. கூட்டம் மூச்சு விடவில்லை. கொரட்டூர் கேட்டில் எக்ஸ்பிரஸ் போன பிறகுகூட அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

சொர்ணம் செம்பை எடுத்தாள். தண்ணீரைக் கையில் ஊற்றிக் கழுவினாள். உட்கார்ந்தாள். பொங்கலில் கை வைத்தாள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் பூந்தமல்லிக் கோயில் புறாவெல்லாம் கிளம்பிப் போய்த் திருவேற்காட்டில் உட்கார்ந்தன. நான் அதைப் பார்க்கவில்லை. எனக்கு வடை இருந்தது.

"ஒரே ஒரு கண்டிசன்," என்றார் கஜபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மிஷினு மேல உன் பேரு இருக்கணும். பெரிசா. இல்லாங்காட்டி நீ எனுக்குக் குடுத்தேன்னு எவன் நம்புவான்?"

சொர்ணம் வாயில் பொங்கலோடு நிமிர்ந்தாள்.

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். பித்தளைத் தகடு. பள்ளத்தின் அளவுக்கு அறுத்து, அரத்தால் ஓரம் தேய்த்து, எழுத்தைப் பொறித்திருந்தான். 'சொர்ணம்.' அவன் இழைத்தது. பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"எப்பய்யா செஞ்ச?" என்றாள்.

"நீ ஊருக்கெல்லாம் இல்ல சொல்லிகினு இருந்தப்ப."

மறுநாள் ஏஜென்சி ஆள் வந்து தேடினபோது ஆணி காலியாக இருந்தது. நீல உடுப்பைப் பிரித்து, மண்டிக்குப் போகிற மிஷினுக்குச் சொர்ணம் உறை தைத்துவிட்டாள். மார்புப் பையை மட்டும் அப்படியே விட்டு, சிவப்பு நூலைப் பிரித்து எடுத்துவிட்டாள். அந்தப் பையில் கஜபதி மிஷினைத் துடைக்கிற துணியை மடித்து வைத்துக்கொண்டார். உறை போட்ட மிஷின் தோள் கொஞ்சம் பிடித்தாற்போல விறைப்பாக உட்கார்ந்திருக்கும்.

கார்த்திகை மழையில் பாஸ்கரன் வந்தான். டை நனைந்திருந்தது. இரண்டாவது மிஷின் டிரங்குப் பெட்டிமேல் பாதி பூட்டியிருந்தது. முனியம்மா ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு, இப்போது காரணம் தெரிந்து தொட்டுக்கொண்டு, ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓனரு அனுப்பனாரு. ஷோரூமுக்கு வர்றவங்கல்லாம் 'சொர்ணம் கீதா'ன்னு கேக்கறாங்களாம். உன் மிஷின எங்க ஷோரூம்ல வெக்கலாம்னு சொல்றாரு. உன் பேருலயே. ஏசி ரூம்பு, கண்ணாடி கதவு. இன்னா சொல்ற?"

சொர்ணம் தலை நிமிராமல் ஒரு ஸ்க்ரூவை முடுக்கினாள்.

"பாக்கலாம். இன்னா சாப்பாடு போடுவாரு உங்க ஓனரு?"

"அக்கா?"

"ஊட்ட வந்து பாக்கணும்ல. நைனா, வெள்ளிக்கெழம ஒழிவா கீறியா?"

நான் ஒழிவாகத்தான் இருந்தேன். திருவள்ளூர்ப் பக்கத்து ஆட்கள் விருந்துக்கு வடை பெரிதாகச் சுடுவார்கள். கை நனைக்கிற இடமாக இருக்கவேண்டும் என்று அன்று முழுக்க வேண்டிக்கொண்டேன். ஆனால் முனியம்மா இப்போதே என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.